சோபாவ விட்டு எறங்கவே மாட்டேங்குற சிப்பிப்பாறைய அடிக்காம எப்படிப் பழக்குறது?

நீங்க கேட்டத சுருக்கமா ஒரு தடவ சொல்லிடுறேன். ரெண்டு வயசு ஆண் சிப்பிப்பாறை நாய், மதுரையில மாடி வீடு, புதுசா வாங்குன துணி சோபாவுல பகல் பூரா படுத்துக் கெடக்கு. அதட்டுனா எறங்குது, நீங்க அடுப்படிக்குப் போயிட்டு வரதுக்குள்ள திரும்ப மேல. ரெண்டு வாட்டி கழுத்துப் பெல்ட்ட புடிச்சு இழுத்தப்ப உறுமியிருக்கு. உங்க மாமனார் "அது தன்ன இந்த வீட்டுக்கே எஜமான்னு நெனச்சுக்கிச்சு, ரெண்டு போடு போட்டா தெளிஞ்சுரும்"ங்குறாரு. அடிக்காம வழி இருக்கான்னு கேக்குறீங்க.

இருக்கு. நான் இருபது வருஷத்துக்கு மேல நாய் வளக்குறேன், ரெண்டு கன்னி, ஒரு ராஜபாளையம், இப்ப தெருவுல எடுத்த ஒரு நாட்டு நாய். பத்து வருஷமா மத்தவங்க வீட்டு நாய்களுக்கும் போய் பழக்கிக் குடுக்குறேன், அதுல இந்த சோபா பஞ்சாயத்துக்குன்னே கூப்புடுற வீடுதான் அதிகம்.

மொதல்ல ஒண்ணு பண்ணிப் பாருங்க. உங்க ஹால் டைல்ஸ்ல பாய் எதுவும் போடாம முழங்கைய ஊனி ஒரு அரை மணி நேரம் ஒருக்களிச்சுப் படுங்க. சும்மா சொல்லல, நெஜமாவே. பத்து நிமிஷத்துலயே வலிக்கும். இப்ப உங்க நாய் முழங்கைய தடவிப் பாருங்க, தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. சிப்பிப்பாறை, கன்னி இதெல்லாம் முயல் வெரட்ட உருவான சாதி, ஒடம்புல கொழுப்பே கெடையாது, முடி ஒட்ட வெட்டுன மாதிரி இருக்கும். லேப்ரடார் மாதிரி எங்க வேணா தொப்புன்னு விழுந்து தூங்குறதுக்கு அதுங்களுக்கு மெத்தை ஒடம்புலயே வைக்கல. கடுந்தரையில படுத்துப் படுத்து முழங்கையில மொதல்ல முடி கொட்டி கருப்பா தோல் தடிக்கும், சிலதுக்கு உள்ள தண்ணி கோத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிரும், ஹைக்ரோமான்னு டாக்டருங்க சொல்லுவாங்க. என் மொதல் கன்னிக்கு அது வந்துச்சு, மொசைக் தரையில வெறுஞ்சாக்க போட்டு படுக்க வச்சதால. ஊசி போட்டு தண்ணிய எடுக்கச் சொல்லி நான் நின்னேன், டாக்டர்தான் வேணாம் சீழ் புடிச்சுரும், மெத்தை போட்டு விடு தானா வத்தும்னாரு. மெத்தை போட்டேன், கொஞ்ச கொஞ்சமா வத்திருச்சு.

அதனால அது சோபாவுல ஏறுறதுல திமிரு ஒண்ணும் இல்ல. அதுக்கு ஒடம்பு கேக்குது. நீங்க "எறங்கு"ன்னு சொல்லும்போது அது எறங்கிப் போய் படுக்குறதுக்கு எடம் எங்க இருக்குன்னு யோசிச்சீங்களா? கேள்வியில அத நீங்க சொல்லவே இல்ல, அநேகமா பால்கனியில ஒரு சாக்கோ பழைய கால்மிதியோ கெடக்கும்னு நெனைக்குறேன். தப்பா இருந்தா மன்னிச்சுருங்க, ஆனா பத்துல எட்டு வீட்ல அதான்.

மெத்துன்னு இருக்குறது மட்டும் காரணம் இல்ல, வேற சிலதும் உண்டு. சோபா கொஞ்சம் ஒசரம், அங்க இருந்து வாசல் தெரியும், ஜன்னல் தெரியும், இந்த சாதிக்கு கண்ணுதான் எல்லாம். நேரா ஃபேனுக்குக் கீழ இருக்கும். அதுல உங்க வாசம் அடிக்கும். ரெண்டு நாள் எதுவும் பண்ணாம சும்மா கவனிங்க, எந்த மூலையில படுக்குது, தலைய எந்தப் பக்கம் வைக்குது, எத்தன மணிக்கு ஏறுது. ஒருத்தர் வீட்ல அது ஏறுனதே தெருவுல பால்காரர் வர்றத பாக்குறதுக்குத்தான், ஜன்னலுக்கு எதுக்க இருந்த சோபாவ செவுத்துப் பக்கம் திருப்பிப் போட்டு, ஜன்னல் கிட்ட நாய்க்கு ஒரு மெத்தை போட்டதும் பாதி பிரச்சன அன்னைக்கே முடிஞ்சுருச்சு.

படுக்கைக்கு காசு ரொம்ப செலவு பண்ண வேணாம். பெட் ஷாப்ல விக்குற பஞ்சு பெட்டு நம்ம ஊரு வெயிலுக்கு சூடு, அதுவும் மதுரை சித்திரை மாசத்துல எந்த நாயும் அதுல படுக்காது. என்னோட ஓட்டு கட்டிலுக்குத்தான். நாய் நீட்டிப் படுக்குற அளவுக்கு, தரையில இருந்து ஒரு அடிக்குள்ள ஒசரம், நைலான் நாடா பின்னுன சின்னக் கட்டில். கீழ காத்து போகும், முழங்கை தரையில படாது, ஒசரமா உக்காந்து பாக்குற ஆசையும் தீரும். பழைய நாடாக் கட்டில் வீட்ல கெடந்தா ஆசாரிகிட்ட குடுத்து காலை அறுத்து சின்னதாக்கிக்கலாம். மேல ரெண்டா மடிச்ச பழைய போர்வை, மார்கழிக்கு இன்னொண்ணு. அந்தப் போர்வைய நீங்க ஒரு வாரம் போத்திப் படுத்துட்டு தொவைக்காம போடுங்க, உங்க வாசத்துக்குத்தான அது சோபாவுக்கே வருது. எங்க போடுறதுங்குறதுதான் முக்கியம். ஹால்ல, நீங்க எல்லாரும் உக்காந்து டிவி பாக்குற எடத்துல, ஃபேன் காத்து படுற எடத்துல. நான் ஒரு காலத்துல நல்ல தடிமனான மெத்தைய தச்சு வாங்கி வராண்டாவுல போட்டேன், ஒரு நாள் கூட அது அங்க படுக்கல, பூனைதான் வந்து குட்டி போட்டுச்சு. ஆளு இல்லாத எடத்துல நாய் ஏன் படுக்கும்?

சரி, படுக்கை வந்துருச்சு. இப்ப சோபாவ அடைக்கணும். இதத்தான் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க, பழக்கிட்டா போதும் எதுக்கு அடைக்கணும்னு கேக்குறாங்க. நாய் சோபாவுல ஏறுன அந்த நிமிஷமே அதுக்குக் கூலி கெடைச்சுருது, மெத்து, காத்து, வாசம். நீங்க குடுக்குற பிஸ்கட் அப்புறம்தான். அதுவும் பத்து தடவையில ஒரு தடவ மாட்டாம படுத்துட்டாப் போதும், பழக்கம் இன்னும் கெட்டியா ஆயிரும். ஸ்கின்னர்னு அமெரிக்காவுல ஒருத்தரு புறாவ வச்சு இத காமிச்சாரு, கொத்துனா ஒவ்வொரு தடவையும் தீனி கெடைக்குற புறா, தீனி நின்னதும் சீக்கிரம் கொத்துறத விட்டுருது, எப்பவாவது ஒரு தடவ கெடைக்குற புறா விடாம கொத்திக்கிட்டே இருக்குது. நம்ம ஊர்ல 2003ல லாட்டரிய தடை பண்றதுக்கு முன்னாடி டீக்கடையில சீட்டு கிழிச்சவங்கள பாத்தவங்களுக்கு இது தனியா வெளக்க வேணாம், தெனம் விழாது, என்னைக்கோ நூறு ரூபா விழுந்ததுதான் ஆள விட மாட்டேங்கும்.

அதனால குறைஞ்சது மூணு வாரம், நீங்க ஹால்ல இல்லாத நேரம் சோபா மேல ரெண்டு பிளாஸ்டிக் சேர கவுத்துப் போடுங்க. கால் மேல பாக்க இருக்கட்டும், படுக்க எடம் இருக்காது. சூட்கேஸ படுக்க வச்சாலும் சரி. பாக்க அசிங்கமா இருக்கும், விருந்தாளி வந்தா என்னன்னு கேப்பாங்க, சொல்லிக்கலாம். வீட்ட பூட்டிட்டு வெளிய போனா ஹாலோட அடைக்காம படுக்கையோட ஒரு ரூம்ல விடுங்க. மொத நாலஞ்சு நாள் சேர பொறாண்டும், முன்னவிட அதிகமா அனத்தும், சோபா முன்னாடி உக்காந்து உங்கள பாத்து கொட்டாவி விடும். அது பழக்கம் சாகுறதுக்கு முன்னாடி துடிக்குற துடிப்பு. அந்த நேரத்துல பாவம்னு சேர எடுத்துட்டீங்கன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், இன்னும் சத்தமா கத்துனா வேல நடக்கும்னு அது கத்துக்கிடும்.

இந்த எடத்துல உங்க மாமனார் வர்றாரு. கோவிச்சுக்காதீங்க, அடிக்கச் சொல்ற அதே மனுசன் மத்தியானம் டிவி பாக்கும்போது அத பக்கத்துல உக்கார வச்சு முறுக்கு குடுக்குறாரான்னு ஒரு கண்ணு பாருங்க. எங்க வீட்ல அப்பாதான். "நாய சோபாவுல ஏத்தாத"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவாரு. ஒரு நாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தா பழைய பாட்டு ஓடுது, அவரு மடியில நாய் தலைய வச்சு தூங்குது, அவரு அசையாம உக்காந்துருக்காரு கால் மரத்துப் போயி. நாலு மாசம் நான் பழக்குனது ஏன் நிக்கலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. சண்ட போட்டுப் பிரயோஜனமில்ல, அவருக்கு வேற ஒரு வேல குடுத்தேன், நாய் கட்டில்ல படுத்துருக்கும்போது சத்தமில்லாம போய் ஒரு துண்டு வச்சுட்டு வர்றது அவரு பொறுப்பு. கொஞ்சணும்னா கட்டில் பக்கத்துல தரையில பாய் போட்டு உக்காந்து கொஞ்சலாம். நமக்கென்ன, தரையில உக்காந்து பழகுன சனம்தான. குட்டியிலயும் இதே வழிதான், மடியில வைக்கணும்னா நீங்க கீழ எறங்கி வாங்க, அத மேல தூக்காதீங்க.

இப்ப வார்த்த. பெரும்பாலான வீட்ல "டவுன்"ங்குற ஒரே சொல்ல படுக்கச் சொல்றதுக்கும் சொல்லுவாங்க, சோபாவுல இருந்து எறங்கச் சொல்றதுக்கும் சொல்லுவாங்க. சோபாவுல இருக்குற நாய்கிட்ட "டவுன்"னா அது இன்னும் நல்லா சாஞ்சு படுக்கும், அது சரியாத்தான் செய்யுது, நாமதான் கத்துவோம். ரெண்டு சொல் தனித்தனியா வைங்க. எறங்குறதுக்கு "எறங்கு", படுக்கைக்குப் போறதுக்கு "கட்டில்". வீட்ல எல்லாரும் அதே சொல், ஒருத்தரு "கீழ வா" ஒருத்தரு "போ அங்க"ன்னு சொல்லக் கூடாது.

"கட்டில்"தான் மொதல்ல சொல்லித் தரணும், சோபா பக்கமே போகாம. வேக வச்ச கோழிய உப்பு மசாலா இல்லாம பொட்டுக்கடலை அளவுக்குப் பிச்சு வச்சுக்கோங்க. கட்டில்ல ஒரு துண்டு போடுங்க, அது ஏறும், ஏறுன ஒடனே இன்னொரு துண்டு, நிக்குது இன்னொண்ணு, படுத்துருச்சு அப்ப மட்டும் நாலஞ்சு ஒண்ணு ஒண்ணா. ரெண்டு மூணு நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு நாலு தடவ. தானா ஏற ஆரம்பிச்ச பெறகுதான் "கட்டில்"ங்குற சொல்ல சேக்கணும், ஏறப் போற நொடிக்கு முன்னாடி. அப்புறம் ரெண்டடி தள்ளி நின்னு, அப்புறம் ஹாலோட அந்த முனையில இருந்து, அப்புறம் நீங்க சோபாவுல உக்காந்துகிட்டு சொல்லுங்க. கடைசில சொன்னதுதான் கஷ்டம், நீங்க சோபாவுல இருக்கும்போது கீழ படுக்குறது அதுக்கு பெரிய தியாகம், அதுக்கேத்த கூலி குடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பிஸ்கட்ட விட கோழி, கோழி முடியலன்னா அவிச்ச முட்டை. திராட்சை, வெங்காயம், சாக்லேட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

இதுல இன்னொரு விஷயம், நாம சொல்லாமலே நாய் கட்டில்ல போய் படுத்துருக்கும் பாருங்க, சாயங்காலம் எல்லாரும் வேலையா இருக்கும்போது. அந்த நேரம் நாம கண்டுக்கவே மாட்டோம், நாய் சும்மா இருந்தா நம்ம கண்ணுக்கே தெரியாது. அப்பதான் போய் ஒரு துண்டு வைக்கணும். நான் பாத்தவரைக்கும் சொல்லி செய்ய வைக்குறத விட இதான் ஆழமா எறங்குது.

ஒரு வாரம் கழிச்சு "எறங்கு". சோபாவுல இருக்கும்போது பெல்ட்டத் தொடாதீங்க, கொஞ்சம் தள்ளி நின்னு ஒரு துண்ட தரையில உருட்டி விடுங்க, குதிச்சு எறங்கும், எறங்குற நொடியில "எறங்கு"ன்னு சொல்லுங்க. நாலஞ்சு தடவைக்கப்புறம் கையில ஒண்ணும் இல்லாம அதே மாதிரி கைய வீசுங்க, எறங்கும். இங்க ஒரு குழி இருக்கு, நெறைய பேரு விழுவாங்க. சிப்பிப்பாறை கெட்டிக்கார நாய், ஏறுனா எறங்கச் சொல்லுவான், எறங்குனா கோழின்னு ரெண்டே நாள்ல கணக்குப் போட்டுரும், அப்புறம் ஒங்க கண்ணு முன்னாடி வேணும்னே ஏறி ஒங்கள பாக்கும். அதனால சீக்கிரமே எறங்குனதுக்குக் கூலிய நிறுத்திடுங்க, எறங்கி, கட்டிலுக்குப் போய், படுத்து, ஒரு பத்து இருபது நொடி கழிச்சுதான் கூலி. ஏறவே ஏறாம கீழ இருக்குறதுக்கு எல்லாத்த விட அதிகம்.

உறுமுறதப் பத்தி தனியா சொல்லணும், நீங்க அத போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அதான் முக்கியமா படுது. உறுமுனதுக்கு ஒருக்காலும் அடிக்காதீங்க. உறுமுறது அது ஒங்களுக்குக் குடுக்குற எச்சரிக்க, அத அடிச்சு நிறுத்துனா எச்சரிக்க போயிரும், கடி மட்டும் மிஞ்சும். பெல்ட்ட புடிச்சு இழுத்தப்பதான் உறுமுச்சுன்னு சொல்றீங்க, சொகமா தூங்குற ஆள கழுத்தப் புடிச்சு இழுத்தா நம்மளும் என்னமோ சொல்லத்தான் செய்வோம். ஆனா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, இடுப்பு, முழங்கை, காது மூணையும் பாக்கச் சொல்லுங்க, வலி இருக்குற நாய் தொட்டா உறுமும். வலி ஒண்ணும் இல்லன்னா, வீட்ல இருக்கும்போது மட்டும் அஞ்சடி நீள லேசான கயிற, முனையில கைப்புடி வளையம் இல்லாம, மார்புப் பட்டையில மாட்டி விடுங்க. எறங்கலன்னா கயிறு முனைய எடுத்துக்கிட்டு நீங்க சும்மா வேற பக்கம் நடங்க, இழுக்க வேணாம், அதுவே வரும். ஆளு இல்லாதப்ப கயித்த கழட்டிடணும், கட்டில் கால்ல சிக்கிக்கும். கிட்டப் போனாலே வெறச்சுப் போய் வெள்ளைக் கண்ணு தெரிய பாக்குது, பல்லக் காட்டுதுன்னா நீங்களா முயற்சி பண்ணாதீங்க, வெளிய போற செயின ஆட்டுங்க, வாசக்கதவ தெறங்க, எறங்கி ஓடி வரும், அன்னைக்கு அது போதும், பழக்குறதுக்கு அனுபவமுள்ள ஆளக் கூட்டிட்டு வாங்க. சின்னப் புள்ளைங்க இருக்குற வீடுன்னா இதுல யோசிக்கவே கூடாது.

அந்த எஜமான் கதைக்கு வரேன், மாமனாருக்குச் சொல்ல உதவும். 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்குறவரு சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதுனாரு, யாரு தலைவன்னு அதுங்க எப்பவும் அடிச்சுக்குதுன்னு. நாய் எஜமானாகப் பாக்குதுங்குற பேச்சு அதுல இருந்து வந்ததுதான். சொந்தபந்தம் இல்லாத ஓநாய்ங்கள ஒரே கூண்டுல போட்டா அடிச்சுக்காம என்ன செய்யும்? அப்புறம் டேவிட் மெக்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர், அவரே ஒரு காலத்துல ஆல்ஃபா ஓநாய், அதாவது கூட்டத்த அடக்கி ஆளுற தலைவன்னு எழுதுனவரு, கனடா பக்கம் எல்ஸ்மியர் தீவுல காட்டு ஓநாய்ங்கள பல வருஷம் பக்கத்துல இருந்து பாத்துட்டு 1999ல எழுதுனாரு, காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா புள்ளைங்க குடும்பந்தான், தலைவர் பதவிக்கு அடிதடி எல்லாம் இல்லன்னு. ஓநாய்க்கே இப்படி, ஆயிரக்கணக்கான வருஷமா மனுசனோட இருக்குற நாய்க்கு எங்க போறது. ஒசரத்துல படுத்தா ராஜான்னா, எங்க வீட்டு அலமாரி மேல படுக்குற பூனைதான் எங்க எல்லாருக்கும் சக்கரவர்த்தி.

"அதுக்கே தப்புன்னு தெரியுது, நான் வந்ததும் தலைய தொங்கப் போட்டுக்குது"ன்னும் எழுதியிருக்கீங்க. 2009ல நியூயார்க்ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதையே சோதன பண்ணிப் பாத்தாங்க, திங்கக்கூடாதுன்னு சொன்ன தீனிய தின்ன நாயும், திங்காமலே திட்டு வாங்குன நாயும். குத்தவாளி மொகம் தின்னதால வரல, திட்டுனதால வந்துச்சு, சொல்லப்போனா திங்காம திட்டு வாங்குனதுதான் அதிகமா அந்த மொகத்தக் காட்டுச்சு. ஒங்க நாய் ஒங்க மொகத்தப் படிக்குது, அவ்வளவுதான். வெளிய போயிட்டு வந்து சோபா சூடா இருக்கேன்னு திட்டுனா, நீங்க வீட்டுக்கு வர்றதே ஆபத்துன்னுதான் அதுக்குப் புரியும்.

செய்யக் கூடாதது சிலத சொல்லிடுறேன், ஏன்னா பக்கத்து வீட்ல யாராவது கட்டாயம் சொல்லுவாங்க. சோபாவுல மிளகாப்பொடி தூவுறது, மூக்கும் கண்ணும் எரிஞ்சு புண்ணாயிரும், ஒங்களுக்கும்தான். குஷன் நடுவுல பாச்சை உருண்டை வைக்குறது, நாய் முழுங்குனா வெஷம், வெளையாட்டு இல்ல. ஷாக் அடிக்குற மேட்டுன்னு ஆன்லைன்ல விக்குறாங்க, அத போட்ட ஒரு வீட்டு நாய் சோபாவ விட்டுருச்சு, கூடவே ஹாலுக்கு வர்றதையும் விட்டுருச்சு, அத சரி பண்ண எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

சோபா கவர ஒரு தடவ நல்லா தொவைச்சு வெயில்ல போடுங்க, வாசம் போகட்டும். அப்படியே தையல் இடுக்குல, அடியில, கால் மூலையில டார்ச் அடிச்சு உண்ணி இருக்கான்னு பாருங்க. வீட்டுக்குள்ள வர்ற பழுப்பு உண்ணி நாய் மேல ரத்தம் குடிச்சுட்டு எறங்கி இந்த மாதிரி இடுக்குலயும் செவுத்து வெடிப்புலயும்தான் முட்ட போடும், ஒரு பொட்ட உண்ணி ஆயிரக்கணக்குல போடும். என்னைக் கேட்டா நாய் முடிய விட இதான் சோபாவுல ஏத்தாம இருக்க சரியான காரணம்.

எவ்வளவு நாளாகும்னா, மூணு வாரத்துல நீங்க இருக்கும்போது ஏறாது, நீங்க இல்லாதப்பவும் ஏறாம இருக்க ரெண்டு மூணு மாசம். சேர ஒரே நாள்ல எடுக்காதீங்க, மொதல்ல ஒரு சேரு, அப்புறம் அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுப் பாருங்க, ஏறிருந்தா திட்டாம திரும்ப ரெண்டு சேர். வெளிய ஓட்டமும் முக்கியம், இந்த சாதிய காலையில கயித்தோட இருவது நிமிஷம் மெதுவா நடத்திட்டு வந்தா அது நடையே இல்ல, வேலி போட்ட எடத்துல ஓட விடுங்க, ஓடிட்டு வந்த நாய் எங்க விட்டாலும் தூங்கும், கட்டில்ல தூங்கட்டும்.

ஒங்க மனசுக்குள்ள "எப்பவாவது பக்கத்துல படுத்தா நல்லாத்தான இருக்கும்"னு இருந்தா, அதுக்கும் வழி இருக்கு. மூணு மாசம் ஏறாம இருந்த பெறகு, ஒரு குறிப்பிட்ட போர்வைய வச்சுக்கோங்க. அத சோபாவுல விரிச்சு நீங்க கூப்பிட்டா ஏறலாம், போர்வைய மடிச்சா எறங்கணும். நாய்க்கு இந்த மாதிரி "இது இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல"ங்குறது நல்லா புரியும், மாமனாருக்குப் புரிய வைக்குறதுதான் கஷ்டம். எங்க வீட்ல பச்ச கலரு போர்வை, அப்பா அத எடுக்க அலமாரியத் தெறக்குற சத்தம் கேட்டாலே நாய் வந்து நிக்கும்.

தீபாவளி வந்தா மட்டும் மூணு நாளைக்கு இதெல்லாம் வேணாம். வெடிச் சத்தத்துக்கு நடுங்கி ஒங்க பக்கத்துல ஏறிப் படுத்தா படுக்கட்டும், ஜன்னல சாத்தி ஃபேன வேகமா வச்சு கூட உக்காருங்க. மறுநாள் சேர் போட்டுக்கலாம்.